ஐந்து வருடக் குத்தகை ஒன்று கொடுங்கள்: கடலூர் மாவட்ட மறுவாழ்வு முகாம்களுக்காக ஒரு திறந்த மடல்

அயலகத் தமிழர் நலன் மற்றும் மறுவாழ்வுத் துறை ஆணையர் அவர்களுக்கும், கடலூர் மாவட்ட ஆட்சியர் அவர்களுக்கும்,

வணக்கம்.

விருத்தாசலம் வட்டத்தில் முந்திரி வைத்திருக்கும் விவசாயி நான். எங்கள் தோப்பிலிருந்து கூப்பிடு தூரத்தில் இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம் ஒன்று இருக்கிறது. அதன் பெயரை இங்கே எழுதவில்லை. எழுதினால் அங்கிருப்பவர்களைக் கூப்பிட்டு, "யார் எழுதச் சொன்னது?" என்று கேட்பார்கள். யாரும் எழுதச் சொல்லவில்லை. அவர்களோடு பல வருடமாக ஒரே தோப்பில் வேலை செய்தவன் என்ற முறையில் நானாகத்தான் எழுதுகிறேன்.

கேட்பது ஒன்றுதான். முகாமை ஒட்டி, சீமைக்கருவேலம் மண்டிக் கிடக்கிற அரசுத் தரிசில் சில ஏக்கரை, முகாம் பெண்களும் எங்கள் ஊரில் நிலமில்லாத பெண்களும் சேர்ந்த ஒரு குழுவின் பெயரில் ஐந்து வருடக் குத்தகைக்கு எழுதிக் கொடுங்கள். அந்த மண்ணில் என்ன விளையும், தண்ணீர் எங்கிருந்து வரும், சட்டம் இடம் கொடுக்குமா, ஊர்க்காரர்கள் என்ன சொல்வார்கள் என்று நீங்கள் கேட்பீர்கள். ஒவ்வொன்றுக்கும் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

முதலில் அந்த மனிதர்களைப் பற்றி. மாசி முதல் வைகாசி வரை முந்திரிப் பருவம். விடிகாலையில் முகாம் பெண்கள் வந்து, மரத்தடியில் உதிர்ந்து கிடக்கும் பழத்தைப் பொறுக்கி, கொட்டையைத் திருகி எடுத்துக் கூடையில் போடுவார்கள். வெயில் ஏறுவதற்குள் அந்த வேலை முடிந்துவிடும். பிறகு கொட்டை உடைக்கும் வேலை. முந்திரிக் கொட்டையின் தோட்டில் இருக்கும் எண்ணெய் பட்டால் தோல் பொசுங்கும். சாம்பலைப் பூசிக்கொண்டோ விளக்கெண்ணெயைத் தடவிக்கொண்டோதான் உடைப்பார்கள். அப்படியும் விரல் நுனி கறுத்து, தோல் உரிந்து உரிந்து ரேகையே தேய்ந்துபோகிறது. கைரேகை வைக்கும் இயந்திரம் அந்த விரல்களை ஏற்க மறுத்து, ஒரு அம்மா பத்து விரலையும் மாற்றி மாற்றி வைத்துப் பார்த்ததை நான் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். கடைசியில் சுண்டுவிரலை ஏற்றுக்கொண்டது. பண்ருட்டி முந்திரி என்று வெளிநாடு போகிற பருப்பில் இந்தக் கைகளின் உழைப்பும் சேர்ந்திருக்கிறது.

ஆண்கள் பெரும்பாலும் பெயிண்டிங் வேலைக்குப் போகிறார்கள். நெய்வேலி, கடலூர், புதுச்சேரி என்று எங்கே கட்டடம் எழும்புகிறதோ அங்கே போவார்கள். படித்த பிள்ளைகளும் அதற்குத்தான் போகிறார்கள். பி.காம் முடித்த பையன் சாரத்தில் தொங்கிக்கொண்டு பட்டி பார்க்கிறான். அரசு வேலைக்கு அவனால் விண்ணப்பிக்க முடியாது. கையில் காசு சேர்ந்து ஒரு வண்டி வாங்கினாலும் அதை ஊர்க்காரர் ஒருவர் பெயரில்தான் வாங்க வேண்டியிருக்கிறது. நல்ல மனுஷர் என்றால் வண்டி அவனிடமே இருக்கும், இல்லையென்றால் போயிற்று. உழைப்பைப் பற்றி அவர்கள் யாரும் என்னிடம் குறைப்பட்டதில்லை. உழைத்து வந்தது தன் பெயரில் நிற்பதில்லை என்பதைத்தான் எல்லாரும் சொல்கிறார்கள்.

அரசு ஒன்றும் செய்யவில்லை என்று நான் சொல்ல வரவில்லை. 2021 ஆகஸ்ட் 27 அன்று சட்டப்பேரவையில் முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் அறிவித்த திட்டம் பெரியது. 317 கோடி ரூபாய்த் திட்டம் அது. இடியும் நிலையில் இருந்த 7,469 வீடுகளைக் கட்டித்தர மட்டும் 231 கோடிக்கு மேல் ஒதுக்கினார்கள். அகதிகள் முகாம் என்ற பெயர் போய் மறுவாழ்வு முகாம் ஆனது. அரசு மாதாமாதம் கொடுக்கும் பணக்கொடை குடும்பத் தலைவருக்கு 1,500 ரூபாய், மற்றப் பெரியவர்களுக்கு 1,000, குழந்தைகளுக்கு 500 என்று உயர்ந்தது. தகரமும் தார்ப்பாயுமாக இருந்த இடத்தில் காங்கிரீட் வீடு வந்ததை எங்கள் ஊரே நின்று பார்த்தது. அதைக் கட்டிய அரசுக்கு என் மனமார்ந்த நன்றி.

ஆனாலும் கணக்குப் போட்டுப் பாருங்கள். கணவன், மனைவி, இரண்டு குழந்தைகள் உள்ள குடும்பத்துக்கு மாதம் 3,500 ரூபாய். அரிசி உண்டு என்றே வைத்துக்கொள்வோம். எண்ணெய், பருப்பு, பால், பிள்ளைகளின் பஸ் செலவு, மருந்து எல்லாவற்றையும் அதற்குள் அடக்க எந்தத் தாயாலும் முடியாது. கூலிக்குப் போயே ஆக வேண்டும். அந்தக் கூலி பருவத்துக்கு உண்டு, பருவம் போனால் இல்லை. ஆடி, ஆவணியில் எங்கள் பக்கம் தோப்பு வேலை குறைந்துவிடும். அந்த மாதங்களில்தான் முகாமில் கந்துவட்டிக்காரர் வண்டி அடிக்கடி வந்து போகும்.

இப்போது மண். கடலூர் மாவட்டம் என்றதும் கடலும் கெடிலமும் வெள்ளமும்தான் மற்றவர்களுக்கு ஞாபகம் வரும். மேற்கே வாருங்கள். மேட்டுச் செம்மண், சரளை, கோடையில் வெடித்துக் கிடக்கும் தரை. மாவட்டத்துக்கு ஆண்டுக்குச் சுமார் 1,200 மில்லிமீட்டர் மழை என்று புள்ளிவிவரம் சொல்லும், உண்மைதான். ஆனால் அதில் பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகையில் கொட்டித் தீர்த்துவிடும். மேட்டில் விழுந்த தண்ணீர் அரைமணி நேரத்தில் ஓடையில் இறங்கிவிடும். தை பிறந்தால் அடுத்த ஏழெட்டு மாதம் வறட்சிதான். நிலத்தடி நீரும் ஆழத்துக்குப் போய்விட்டது. அந்தக் காலத்தில் கிணறு வெட்டினால் கிடைத்த தண்ணீர் இப்போது ஆழ்துளை போட்டாலும் சந்தேகம். முகாம்கள் பெரும்பாலும் ஊருக்கு ஒதுக்குப்புறமாக, யாருக்கும் வேண்டாத இப்படிப்பட்ட மேட்டில்தான் அமைந்தன. நல்ல நிலத்தை யார் விடுவார்கள்?

அந்த வேண்டாத மேட்டைப் பற்றி முகாமில் ஒரு பெரியம்மா என்னிடம் சொன்னதைக் கேளுங்கள். வவுனியாப் பக்கம் குளத்து நீரில் வயல் செய்தவர். 1990-இல் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு படகேறி வந்தார். எங்கள் தோப்பில் புதிதாக வைத்த ஒட்டுக் கன்றுகள் கோடையில் வரிசையாகக் கருகிக்கொண்டிருந்தபோது வந்து நின்று பார்த்தார். "தம்பி, இந்த மண் எங்கட மண்ணை விடப் பரவாயில்ல. தண்ணியைத்தான் நீங்கள் ஓட விடுறீங்கள்" என்றார். மண்வெட்டியை வாங்கி, கன்றுக்குக் கீழ்ச்சரிவில் பிறை வடிவில் மண்ணைக் கூட்டி அணைத்தார். மேல்பக்கம் வாய் திறந்திருக்கும்படி விட்டார். உள்ளே தேங்காய் மட்டையைக் கவிழ்த்து அடுக்கி, சருகைக் கொட்டி, மேலே ஒரு கை மண் போட்டு மூடினார். "மழை ஒண்டு பெஞ்சாக் காணும், ஒரு மாசத்துக்கு ஈரம் நிக்கும்" என்றார். அவர் கைவைத்த வரிசை பிழைத்தது. இன்று அந்த மரங்களில் காய் எடுக்கிறேன்.

மன்னாரில் கட்டுக்கரைக் குளத்தின் பாசனத்தில் வளர்ந்தவர்கள், கிளிநொச்சியில் இரணைமடு நீரில் நெல் போட்டவர்கள், யாழ்ப்பாணத்தில் சுண்ணாம்புப் பாறைக் கிணற்றுத் தண்ணீரை அளந்து அளந்து இறைத்து வெங்காயமும் மிளகாயும் எடுத்தவர்கள் இந்த முகாம்களில் இருக்கிறார்கள். வறண்ட நிலத்தில் பயிர் செய்வது அவர்களுக்குப் பரம்பரைத் தொழில். 1990-இல் முப்பது வயதில் வந்தவருக்கு இப்போது அறுபத்தைந்து தாண்டிவிட்டது. அவர்கள் கையில் இருக்கிற வித்தையைப் பேரப்பிள்ளைகள் பார்த்ததுகூட இல்லை, ஏனென்றால் செய்து காட்ட ஒரு முழ மண் இல்லை. முகாம் வீட்டுக்கும் பக்கத்து வீட்டுக்கும் இடையில் வெற்றிலைக் கொடி படரவிடத்தான் இடம் இருக்கிறது. இன்னும் பத்து வருடம் போனால் சொல்லிக் கொடுக்க ஆளே இருக்கமாட்டார்கள். நான் அவசரப்படுவதற்கு முக்கியக் காரணம் இதுதான்.

சட்டத்துக்கு வருகிறேன். முகாமில் இருப்பவர்கள் நிலம் வாங்க முடியாது என்பது எல்லாருக்கும் தெரியும். அதனால் நிலம் சம்பந்தப்பட்ட எதையும் அதிகாரிகள் தொடவே தயங்குகிறார்கள். ஆனால் அந்நியச் செலாவணி மேலாண்மைச் சட்டத்தின் கீழ் 2019-இல் வந்த விதிகளை எடுத்துப் பாருங்கள். இலங்கை உட்படச் சில நாடுகளின் குடிமக்கள் ரிசர்வ் வங்கியின் முன் அனுமதி இல்லாமல் இந்தியாவில் அசையாச் சொத்து வாங்கக் கூடாது என்று சொல்லும் அதே விதி, ஐந்து ஆண்டுக்கு மிகாத குத்தகையை அந்தத் தடையிலிருந்து விலக்கி வைத்திருக்கிறது. ஐந்து வருடம் என்று நான் கேட்டதன் காரணம் இதுதான். பதிவு பெற்று 2015 ஜனவரி 9 வரை இங்கே தஞ்சம் அடைந்த இலங்கைத் தமிழர்கள்மீது கடவுச்சீட்டும் விசாவும் இல்லை என்பதற்காக நடவடிக்கை இல்லை என்று ஒன்றிய அரசே 2025 செப்டம்பரில் விலக்கு ஆணை பிறப்பித்தது. குடியுரிமை என்ற பெரிய கேள்வி டெல்லியில் தீர வேண்டியது. அதற்காக அவர்கள் காத்திருக்கட்டும், காத்திருக்கும் காலத்தில் கையில் ஒரு மண்வெட்டியும் இருக்கட்டும் என்கிறேன்.

எந்த நிலம் என்பதிலும் கவனம் வேண்டும். மேய்ச்சல் புறம்போக்கையோ நீர்நிலைப் புறம்போக்கையோ தொடவே வேண்டாம். நீதிமன்றமும் விடாது, ஆடு மாடு வைத்திருப்பவர்களும் விடமாட்டார்கள், விடவும் கூடாது. கிராம நிலக் கணக்கான அ-பதிவேட்டில் தரிசு என்று பதிவாகி, முள் முளைத்துக் கிடக்கும் துண்டு எத்தனையோ இருக்கிறது. கிராம நிர்வாக அலுவலரைக் கேட்டால் ஒரு மாலைக்குள் சொல்லிவிடுவார். சீமைக்கருவேலத்தை வேரோடு எடுப்பது செலவுதான். ஆனால் அதை மூட்டம் போட்டுக் கரியாக்கி விற்றால் நிலம் திருத்தும் செலவில் ஒரு பகுதி அதிலேயே வந்துவிடும். இந்த வேலை எங்கள் பக்கத்தில் எல்லாருக்கும் பழக்கம்.

ஐந்து வருடத்தில் பலன் தரும் பயிர்தான் வைக்க வேண்டும். முந்திரி ஒட்டுக் கன்று மூன்றாம் வருடம்தான் காய்க்கத் தொடங்கும். குத்தகைக்காரருக்கு அது சரிப்படாது. செடிமுருங்கை சரிப்படும். பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரி 1989-இல் வெளியிட்ட பி.கே.எம்-1 ரகம் விதைத்து ஆறாம் மாதம் காய்க்கும், வெட்டி விட்டால் மறுபடி துளிர்த்துக் காய்க்கும். காய் விலை விழுந்தால் இலையை நிழலில் உலர்த்திப் பொடியாக்கலாம், பெண்கள் வீட்டிலேயே செய்யும் வேலை அது. இடையில் வரகும் உளுந்தும் போடலாம். நம் மாவட்டத்தில் நல்லூர், மங்களூர் ஒன்றியங்களில் வரகு இன்றும் விளைகிறது. வரப்பில் அகத்தி நட்டால் ஆட்டுக்குத் தழை ஆச்சு. விருத்தாசலத்திலேயே வேளாண் பல்கலைக்கழகத்தின் மண்டல ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. அங்கே இருப்பவர்களுக்கு இந்த மண்ணின் குணம் நன்றாகத் தெரியும்.

தண்ணீருக்கு ஆழ்துளை கேட்கவில்லை. முகாமில் குளித்துத் துவைத்த தண்ணீர் எங்கே போகிறது என்று ஒருநாள் வந்து பாருங்கள். குழாயடியிலிருந்து சந்து வழியாக வழிந்து, பள்ளத்தில் தேங்கி, கொசு வளர்க்கிறது. ஒரு குடும்பம் நாளுக்கு 150 லிட்டர் அப்படி விடுகிறது என்று வைத்தால், நூறு குடும்பத்துக்கு 15,000 லிட்டர். செடிமுருங்கைக்குக் கோடையில் சொட்டுநீரில் நாளுக்குப் பத்து லிட்டர் என்று தாராளமாகவே வைப்போம். 1,500 செடிக்குப் போதும். இரண்டரை மீட்டர் இடைவெளியில் நட்டால் ஏக்கருக்கு 640 செடி, ஆக இரண்டு ஏக்கருக்கு மேல் பாயும். சோப்புத் தண்ணீர் நேராகச் செடிக்குப் போகக் கூடாது. கூழாங்கல்லும் மணலும் நிரப்பிய பாத்தியில் கல்வாழை நட்டு, அதன் வழியாக விட்டு, தொட்டியில் தேக்கி எடுக்க வேண்டும். கொத்தனாருக்கு நாலு நாள் வேலை. மிச்சத்துக்கு மேட்டிலேயே ஒரு பண்ணைக்குட்டை வெட்டி, ஐப்பசி மழையைப் பிடித்து வைத்தால் சித்திரை வரை தாக்குப்பிடிக்கலாம்.

இந்த வேலை நம்மைவிடக் கொடிய மண்ணிலும் நடந்திருக்கிறது. கென்யாவின் வடமேற்கு மூலையில் துர்க்கானா என்ற பகுதி. மழை நமக்குப் பெய்வதில் கால்பங்குகூட வராது. அங்கே 1992-இல் சூடான் போரிலிருந்து தப்பி வந்த பிள்ளைகளுக்காகக் காகுமா முகாமைத் திறந்தார்கள். இன்று அதை ஒட்டிய குடியிருப்பையும் சேர்த்தால் ஏறக்குறைய மூன்று லட்சம் பேர். அந்தப் பாலையில் அகதிகள் கடை வைத்தார்கள், பேக்கரி போட்டார்கள், சைக்கிள் பழுது பார்த்தார்கள், ஜெனரேட்டர் வைத்துத் தெருவுக்கு மின்சாரம் விற்றார்கள். உலக வங்கிக் குழுமத்தைச் சேர்ந்த பன்னாட்டு நிதிக் கழகம் 2018-இல் வெளியிட்ட ஆய்வில் அந்த முகாமின் பொருளாதாரத்தை ஆண்டுக்கு 5.6 கோடி டாலர் என்று மதிப்பிட்டது. இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட கடைகள் இருந்தன. சோற்றுக்கு வரிசையில் நிற்பவர்கள் என்று உலகம் நினைத்த இடத்தில் இத்தனை வியாபாரம்.

அங்கே நடந்த கஷ்டத்தையும் சொல்ல வேண்டும். துர்க்கானாவிலும் இதே சீமைக்கருவேலம்தான் மண்டிக் கிடக்கிறது. விறகு வெட்டி விற்பது உள்ளூர்ப் பெண்களின் பிழைப்பு. அகதிகள் காட்டில் கைவைத்தால் சண்டை. முகாமுக்கு உள்ளே தண்ணீர்க் குழாய், பள்ளிக்கூடம், மருத்துவமனை. வெளியே இருந்த ஊர்க்காரர்களுக்கு ஒன்றும் இல்லை. இந்தக் கசப்பு முற்றிய பிறகுதான், 2016-இல் பக்கத்தில் கலொபெயேய் என்ற குடியிருப்பைத் திறந்தபோது, அகதிகளும் உள்ளூர் மக்களும் ஒரே பள்ளி, ஒரே மருத்துவமனை, ஒரே சந்தையைப் பயன்படுத்தும்படி அமைத்தார்கள். வீட்டுக்கு வீடு காய்கறித் தோட்டம் போடச் சொன்னார்கள். மண்ணைக் குழித்து, அணைத்து, ஓடும் மழையைப் பிடித்தார்கள். வவுனியாப் பெரியம்மா என் தோப்பில் கட்டிய அதே பிறைவடிவ வரப்பை அந்தப் பகுதியில் வரிசை வரிசையாகப் போட்டிருக்கிறார்கள்.

2025-இல் நன்கொடை நாடுகள் கையை விரித்தன. உலக உணவுத் திட்டம் காகுமாவில் ரேஷனைப் பாதிக்கும் கீழே வெட்டியது, முகாமில் போராட்டம் வெடித்தது. எங்கோ ஒரு தலைநகரத்தில் முடிவு மாறினால் முகாமில் அடுப்பு அணைந்துவிடுகிறது. பணக்கொடையை மட்டுமே நம்பியிருக்கும் எந்த முகாமுக்கும் இந்த ஆபத்து உண்டு. நம் அரசு அப்படிக் கைவிடாது என்றே நம்புகிறேன். ஆனாலும் ஒரு குடும்பம் நாற்பது வருடம் அந்த நம்பிக்கையின் பேரில் மட்டுமே சாப்பிட வேண்டுமா?

அல்ஜீரியாவில் திந்தூஃப் பக்கம், கல்லும் காற்றும் தவிர எதுவும் இல்லாத பாலையில், 1970-களின் நடுவிலிருந்து மேற்கு சஹாராவின் மக்கள் அகதி முகாமில் இருக்கிறார்கள். ஆடுதான் அவர்களுக்குப் பால், இறைச்சி, சேமிப்பு எல்லாமே. தீவனம் கிடையாது. பார்லியைத் தட்டில் பரப்பி, மண்ணே இல்லாமல் தண்ணீர் தெளித்து, ஒரு வாரத்தில் பச்சைப் பாய்போல் வளர்த்து ஆட்டுக்குப் போடுகிறார்கள். நம் முகாமில் ஆடு வைத்திருப்பவர்கள் வேலியோரம் மேய்த்துத் தினமும் ஏச்சு வாங்குகிறார்கள். ஒரு கொட்டகை நிழலும் தட்டுகளும் இருந்தால் சோளத்தையோ கம்பையோ முளைக்கவைத்து அதே தீவனத்தை இங்கே செய்யலாம். ஜோர்டானை எடுத்துக்கொண்டால், 2016-இல் சிரிய மக்களுக்கு உதவ லண்டனில் நடந்த மாநாட்டுக்குப் பிறகு சிரிய அகதிகளுக்கு வேலை அனுமதிச் சீட்டு கொடுக்கத் தொடங்கினார்கள். அதுவரை ஒளிந்து ஒளிந்து வேலை செய்தவர்கள் சீட்டோடு வேலைக்குப் போனார்கள்.

நம்மிடமே முன்மாதிரி உண்டு. 1984-இல் சா.செ. சந்திரஹாசன் தொடங்கிய ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகம் அகதிகளைக் கொண்டே அகதிகளுக்கு வேலை செய்தது. சத்துக்குறைவான குழந்தைகளுக்காகச் சுருள்பாசியை (ஸ்பைருலினா) முகாம் பெண்களே தொட்டியில் வளர்த்து உலர்த்தினார்கள். கற்றுக்கொள்வார்களா, பொறுப்பாகச் செய்வார்களா என்ற சந்தேகம் யாருக்கும் வர வேண்டியதில்லை.

திறன் பயிற்சி கொடுத்துக்கொண்டுதானே இருக்கிறோம் என்று துறையில் சொல்லலாம். உண்மைதான். தையல், அழகுக்கலை, கணினி என்று நடக்கிறது. சான்றிதழும் கொடுக்கிறார்கள். நூறு குடும்பம் உள்ள முகாமில் முப்பது பேருக்குத் தையல் சொல்லிக் கொடுத்தால் யாருக்குத் தைப்பார்கள்? பயிற்சி முடிந்தபின் சாமானுக்கும் இடத்துக்கும் சந்தைக்கும் வழி இல்லையென்றால் அது ஏட்டுச் சுரைக்காய்தான். குத்தகை கொடுத்த நிலத்தில் ஒரு பருவம் கூடவே நின்று சொல்லிக் கொடுங்கள், அதுவே அவர்களுக்குப் பயிற்சி ஆகிவிடும்.

இனி ஊர். இதைத்தான் நான் அதிகம் யோசித்தேன், ஏனென்றால் இந்த மடலைப் படித்ததும் முதலில் என்னிடம் சண்டைக்கு வரப்போவது என் ஊர்க்காரர்கள்தான். "எங்களுக்கே சொந்தமாக ஒரு குழி நிலம் இல்லை, வந்தவங்களுக்குக் கொடுக்கச் சொல்றியா?" என்று கேட்பார்கள். அந்தக் கேள்வி நியாயமானது. எங்கள் ஊர்க் காலனியில் தலைமுறை தலைமுறையாக அடுத்தவர் நிலத்தில் உழைத்து, வீட்டுமனைப் பட்டாவுக்கே அலைகிற குடும்பங்கள் இருக்கின்றன. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் முந்திரியையும் பலாவையும் வேரோடு சாய்த்தபோது, மரத்துக்கான நிவாரணம் மரத்துக்காரர்களுக்கு வந்தது. எனக்கும் வந்தது. அந்த மரங்களை நம்பிக் கூலி செய்த காலனிப் பெண்களுக்கும் முகாம் பெண்களுக்கும் அடுத்த வருடங்களில் பருவ வேலையே இல்லாமல் போனது. அந்தக் கணக்கை யாரும் எடுக்கவில்லை. அந்தப் பட்டினியில் இரண்டு தரப்புக்கும் வித்தியாசம் இருக்கவில்லை.

அதனால்தான் குழுவில் பாதிப் பேர் ஊரில் நிலமில்லாத பெண்களாக இருக்க வேண்டும் என்கிறேன். குட்டை இரண்டு பேருக்கும் பொது, உலர்த்தும் கொட்டகை பொது, வங்கிக் கணக்கில் இரண்டு தரப்பிலும் ஒவ்வொருவர் கையெழுத்து. முகாமுக்கு மட்டும் என்று கொடுத்தீர்கள் என்றால் முதல் வருடமே வேலியைப் பிடுங்குவார்கள், துர்க்கானாவில் நடந்தது இங்கேயும் நடக்கும். சேர்த்துக் கொடுத்தால் நடக்காது என்று நான் நம்பக் காரணம் இருக்கிறது. இந்தப் பெண்கள் ஏற்கெனவே என் தோப்பில் ஒரே வரிசையில் உட்கார்ந்து கொட்டை திருகுகிறார்கள். ஒருத்தி வீட்டில் குழந்தை பிறந்தால் மற்றவர்கள் சேர்ந்து சேலை எடுக்கிறார்கள். "அக்கா", "மதினி" என்றுதான் கூப்பிட்டுக்கொள்கிறார்கள். இவர்கள் சேர்ந்து பாடுபடப் பழகிவிட்டார்கள், சேர்ந்து பிழைக்க ஒரு துண்டு நிலம்தான் குறை.

சின்னதாக இன்னொன்றும் உண்டு. அதிகாரிகள் வந்து ஆட்களை எண்ணும் தணிக்கை நாளில் முகாமில் பெயர் உள்ள எல்லாரும் இருந்தாக வேண்டும். இல்லாவிட்டால் பணக்கொடை நின்றுவிடுமோ, பதிவை வெட்டிவிடுவார்களோ என்று பயம். வெளியூரில் பெயிண்டிங் வேலையில் இருப்பவன் பாதியில் விட்டுவிட்டு பஸ் ஏறுகிறான். மேஸ்திரி அடுத்த முறை அவனைக் கூப்பிடமாட்டார். கணக்கெடுப்பு வேண்டாம் என்று சொல்லவில்லை, அரசுக்கு அதன் காரணங்கள் இருக்கும். தேதியை ஒரு மாதம் முன்னாலேயே பலகையில் எழுதிப் போடுங்கள். வேலைக்குப் போனவர்கள் வேலை நடக்கும் ஊரின் வருவாய் ஆய்வாளரிடமே போய் நின்று கையெழுத்துப் போட வழி செய்யுங்கள். அரசுக்கு ஒரு பைசா செலவில்லை.

இவர்கள் நாளைக்கே இலங்கை திரும்பிவிட்டால் நிலம் என்ன ஆகும் என்று கேட்கலாம். 2009-க்குப் பிறகு திரும்பியவர்கள் உண்டு, இனியும் திரும்புவார்கள். குத்தகை ஐந்து வருடம்தான், குழுவில் பாதி ஊர்ப் பெண்கள்தான், நிலம் அரசின் பெயரில்தான் இருக்கும். திரும்புகிறவர்கள் நிலத்தை எடுத்துக்கொண்டு போகப்போவதில்லை. வன்னியில் காடு பத்திக் கிடக்கிற தன் காணியை மறுபடி திருத்தத் தெரிந்த கையோடு போவார்கள். திரும்பாதவர்கள், இங்கேயே பிறந்து வளர்ந்து இந்த ஊரைத் தவிர வேறு ஊர் தெரியாத பிள்ளைகள், இந்த மண்ணில் ஒன்றை விளைவித்த அனுபவத்தோடு இருப்பார்கள்.

ஆணையர் அவர்களே, ஆட்சியர் அவர்களே, மாவட்டம் முழுக்க ஒரே நாளில் செய்யுங்கள் என்று கேட்கவில்லை. ஒரே ஒரு முகாமில் மூன்று ஏக்கரில் தொடங்குங்கள். வருவாய்த் துறை, வேளாண் துறை, மறுவாழ்வுத் துறை மூவரும் ஒரே மேசையில் உட்கார்ந்தால் ஒரு கூட்டத்தில் முடிகிற காரியம். தனித்தனியாகக் கோப்பு நகர்ந்தால் என் காலத்தில் நடக்காது. வரும் ஆடிக்குள் உத்தரவு கிடைத்தால் அந்தப் பட்டத்திலேயே முருங்கை விதை ஊன்றிவிடலாம், குட்டையையும் ஐப்பசிக்கு முன் வெட்டிவிடலாம்.

என் பங்குக்கு என்னால் முடிந்ததைச் சொல்லிவிடுகிறேன். முள் எடுக்க என் டிராக்டர் வரும், டீசல் என் செலவு. முதல் வருடம் வேண்டிய தொழு உரத்தை எங்கள் ஊரில் நாலு பேர் சேர்ந்து தருவதாகச் சொல்லியிருக்கிறோம். உலர்ந்த இலைக்கும் காய்க்கும் பண்ருட்டியில் வாங்க ஆள் பார்த்துக் கொடுப்பது என் பொறுப்பு. நீங்கள் நில அளவையரை அனுப்புங்கள். சங்கிலி பிடிக்கவும் கல் நடவும் ஆள் நாங்கள் தருகிறோம். வரும்போது வவுனியாப் பெரியம்மாவையும் கூட்டி வருகிறேன். குட்டையை எந்த மூலையில் வெட்ட வேண்டும் என்று அவர் ஏற்கெனவே பார்த்து வைத்திருக்கிறார்.

இப்படிக்கு,
விருத்தாசலம் வட்டத்து முந்திரி விவசாயி ஒருவன்